மிஷினோடுதான் வருவேன்

சேசு மரி சூசை துணை

மெட்ராஸ்
21-8-1966

அன்புள்ள தங்கச்சி லில்லிக்கு,

அண்ணன் அமிர்தசாமி எழுதுவது. நான் சுகம். நைனாவும் அம்மாவும் நீயும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

நம் தெருவுக்கும் கரண்ட் வந்துவிட்டதாக நைனா கார்டு போட்டிருந்தார். சந்தோஷம். நான் வேலை செய்யும் கடையில் இப்போது புதுப்புதுச் சாமான்களாக வந்து இறங்குகின்றன. கையில் தூக்கிக்கொண்டு போகிற டிரான்சிஸ்டர், மேஜை ஃபேன், கரி போட வேண்டாத இஸ்திரிப் பெட்டி. முதலாளி இந்த வருஷம் போனஸ் தருகிறார். கடை ஆட்களுக்கு விலையிலும் சலுகை உண்டு. தினமும் கைக்கு உதவுகிற மாதிரி வீட்டுக்கு ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். நைனா டிரான்சிஸ்டர் என்பார். உன் தையல் வேலைக்கு இஸ்திரிப் பெட்டி ஒத்தாசையாக இருக்கும். எது வேண்டும் என்று நீ யோசித்து எழுது.

அன்பு அண்ணன்
அமிர்தசாமி


செஞ்சி
29-8-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

லில்லி எழுதுவது. அம்மா முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எழுதாததற்குக் காரணம், எழுத அதில் புதிதாக எதுவும் இல்லை.

இஸ்திரிப் பெட்டி வேண்டாம். டிரான்சிஸ்டரும் வேண்டாம். அது காது உள்ளவர்களுக்கு. டைபாய்டு ஜுரத்தில் என் காது போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நைனா இன்னும் வெளியூர்க்காரர்களிடம், "பொண்ணு ரொம்ப அடக்கம், பேச்சே கெடையாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடைக் கண்ணாடி அலமாரியில் காது மிஷின் இருப்பதாகப் போன தடவை வந்தபோது நீதான் சொன்னாய். அது வேண்டும்.

பூசை லத்தீனில் இருந்தவரை எனக்குக் குறை தெரியவில்லை. யாருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. இப்போது தமிழில் வைக்கிறார்கள். எல்லோரும் வாய் திறந்து பதில் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் நிற்பவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் எனக்காகக் கத்த வேண்டியிருக்கிறது. நான் என்ன பாவம் செய்தேன் என்று வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் தெரிகிறது. அவர்கள் பாவம் மட்டும் எனக்குத் தெரிவதில்லை.

நைனாவிடம் கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்பார். வாங்கி அனுப்பு.

உன் தங்கை
லில்லி


செஞ்சி
16-10-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் உடையாமல் வந்தது. பெட்டியை ரவிக்கையில் குத்திக்கொள், ஒயரைக் காதில் மாட்டிக்கொள் என்று நீ எழுதியபடியே செய்தேன். திருகியதும் முதலில் 'கூ' என்று விசில் அடித்தது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

பிறகு என் தையல் மிஷினை மிதித்தேன். பயந்துபோய் நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷமாக இந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலா உட்கார்ந்திருந்தேன்? என் குரலும் எனக்குப் பிடிக்கவில்லை. கத்திப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் எழுத மாட்டேன். முந்தானை உரசினால் மழை கொட்டுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் எதுவும் புரிவதில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போய், ஆடு கத்துகிற கத்தலில் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டேன். ஆனால் துணிக்கடை ஆதிலட்சுமி அக்கா ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்து, "கை முழங்கைக்கு மேல இருக்கட்டும்" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். தலையாட்டிவிட்டு அப்படியே வெட்டினேன். அவள் போனபின் உட்கார்ந்து அழுதேன்.

பெட்டியோடு நீ வைத்திருந்த சீட்டை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். "மூக்குக் கண்ணாடி போடுகிற மாதிரிதான் இதுவும், வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தாயே, அதை. அவர், "மெட்ராஸ்ல வெக்கமில்ல. இங்க மேல முந்தானைய இழுத்துப் போட்டுக்க" என்றார். நான் மறைக்கிறதில்லை. ரவிக்கைக்கு வெளிப்பக்கமே ஒரு பை தைத்துக்கொண்டேன். நீலக் கரை வைத்து.

உன் தங்கை
லில்லி


மெட்ராஸ்
12-1-1967

அன்புள்ள தங்கச்சி லில்லிக்கு,

அண்ணன் எழுதுவது. நைனா விஷயத்தைச் சொல்லியிருப்பார். இங்கே கோயிலில் எனக்கு அறிமுகமான லூர்துமேரி, நர்ஸாக இருக்கிறாள், அவளைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். அவள் வீட்டில் திண்டிவனத்தில் பேசியாகிவிட்டது. அவளுடைய அண்ணன் துரைராஜ் வாத்தியார். நல்ல பையன். பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம் என்கிறார்கள். உன்னை அவருக்கு, லூர்துமேரியை எனக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறார்கள்.

லில்லி, நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மிஷினைக் கழற்றி வைத்துவிடு. அவர்கள் அம்மா குஞ்சம்மாள் கொஞ்சம் பழைய காலத்து மனுஷி. கல்யாணம் முடிந்து நாலு நாள் பழகியபின் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அம்மா பக்கத்தில் நின்று சைகை காட்டுவாள். இதில் என் வாழ்க்கையும் இருக்கிறது.

உன் அண்ணன்
அமிர்தசாமி


செஞ்சி
25-1-1967

அண்ணனுக்கு,

அவர்கள் வருவதற்கு முந்தின நாளே உன் கடிதம் வந்துவிட்டது. தபாலில் தவறிப் போனது என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

வந்தார்கள். நான் மிஷினைப் போட்டுக்கொண்டுதான் காப்பி கொண்டு போனேன். குஞ்சம்மாள் பார்த்துவிட்டு, "இன்னாம்மா அது ஒயரு?" என்றார்கள். நான் வாய் திறக்கும் முன் நைனா, "அது சின்ன டிரான்சிஸ்டருங்க. பாட்டு கேக்கறது. அவங்கண்ணன் மெட்ராஸ்லருந்து அனுப்பிச்சான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "இல்லீங்க. இது காது மிஷின். எனக்குக் காது கேக்காது. இது இருந்தா கேக்கும்" என்றேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். துரைராஜ் மட்டும், "நான் பேசறது கேக்குதா?" என்றார். "கேக்குது. நீங்க ஒருத்தரே பேசறதால நல்லாவே கேக்குது" என்றேன். அவர் சிரித்தார்.

மூன்றாம் நாள் கோயில் உபதேசியார் சேதி கொண்டு வந்தார். பெண் பிடித்திருக்கிறதாம். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளட்டுமாம். "கோயில்லயும் நாலு பேர் எதிர்லயும் மட்டும் அது வேணாம்னு அந்தம்மா சொல்லுது" என்றார். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவரு ஒண்ணும் சொல்லல" என்றார்.

எனக்கு அது போதும். கோயிலில் சாமியார் என்னைப் பார்த்து, இவரை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பார். அந்தக் கேள்வி என் காதில் விழ வேண்டும். பக்கத்தில் யாரோ இடித்துக் காட்டி நான் தலையாட்ட மாட்டேன். இதை அப்படியே உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினேன். நைனா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கேட்க ஆரம்பித்த பிறகு அவர் பேச்சை நிறுத்தியிருக்கிறார்.

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதிய கை, கழற்றி வை என்று எப்படி எழுதியது? உன் கல்யாணத்தைக் கொண்டுவந்து என் காதில் மாட்டாதே. லூர்துமேரி வேண்டும் என்றால் அவளை நீ போய்க் கேள்.

லில்லி


மெட்ராஸ்
20-4-1967

லில்லிக்கு,

மூன்று மாதம் கடிதம் எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். இப்போதும் கோபம் முழுக்கத் தீரவில்லை.

நீ சொன்னபடி லூர்துமேரியைக் கேட்டேன். அவள் பிடிவாதமாக நின்று அவர்கள் வீட்டைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். துரைராஜுக்குப் பாண்டிச்சேரியில் பெண் நிச்சயமாகிவிட்டது. எங்கள் கல்யாணம் மே மாதம் 24, புதன்கிழமை, திண்டிவனத்தில். நைனாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

குஞ்சம்மாள் அத்தை ஒன்றே ஒன்று கேட்கிறார்கள். அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடுகிற இடம். பழைய பேச்சு கிளம்ப வேண்டாம், உன் தங்கை அதை மாட்டாமல் வரட்டும் என்கிறார்கள். இது உன் கல்யாணம் இல்லை. உன்னை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. எனக்காகச் செய்யக்கூடாதா?

அமிர்தசாமி


செஞ்சி
27-4-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்யாணச் செய்தி சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். அம்மா உடனே கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். லூர்துமேரிக்கு ரவிக்கை நான்தான் தைப்பேன், அளவு அனுப்பச் சொல்.

துரைராஜைப் பற்றி எழுதியிருந்தாய். நன்றாக இருக்கட்டும். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். அவர் சிரித்தது நன்றாக இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இந்த மிஷினால்தான். அதற்காகத்தான் அதைக் கழற்ற மாட்டேன் என்கிறேன்.

என்னை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை என்கிறாய். ஆனால் உன்னைக் கேட்பார்கள். நீ சம்மதம் என்று சொல்வாய். என் கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான். அதை நான் கேட்க வேண்டும். கேட்பேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில், நீலக் கரை வைத்த பையில் பெட்டி வெளியே தெரிய உட்கார்ந்து கேட்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அது என்னவென்று கேட்டால், என் அண்ணன் வாங்கிக் கொடுத்தது என்று சொல்வேன்.

நைனா டிரான்சிஸ்டர் என்று சொல்லாமல் பார்த்துக்கொள்வேன். போன வாரத்திலிருந்து பேசுகிறார். உப்பு இல்லை என்றார்.

மிஷினோடு வருவது உனக்கு இஷ்டமில்லை என்றால், வராதே என்று உன் கையால் எழுது. கழற்றிவிட்டு வா என்று இன்னொரு தடவை எழுதாதே. அதற்குப் பதில் போட மாட்டேன். எந்தக் கடிதமும் வராவிட்டால் 23-ஆம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன்.

உன் தங்கை
லில்லி


மெட்ராஸ்
9-5-1967

அன்புள்ள தங்கச்சி லில்லிக்கு,

உன் கடிதத்தை லூர்துமேரியிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "வராதேன்னு எழுதப் போறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எங்கம்மாகிட்ட நீங்களே போயி சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் நானே சண்டை போட முடியாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். அத்தை வாசலிலேயே நின்றார்கள். "என் தங்கச்சி மிஷினோடதான் வருவா. முன் வரிசையிலதான் குந்துவா" என்றேன். "அப்ப கல்யாணத்த நிறுத்திடலாமா?" என்றார்கள். "நிறுத்தணும்னா நிறுத்துங்க. அவள வராதேன்னு நான் எழுத மாட்டேன்" என்றேன்.

அத்தை உள்ளே போய்விட்டார்கள். துரைராஜ் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாமா என்று பல தடவை நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து அத்தை காப்பி கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். அதில் சர்க்கரை இல்லை. ரேஷன் தட்டுப்பாடா, என் மேல் கோபமா, தெரியவில்லை. கேட்கவில்லை. முழுவதும் குடித்துவிட்டு, "நேரமாகுது, வரேன் அத்தை" என்றேன். "கல்யாணத்தன்னிக்கு சீக்கிரம் வந்துடுங்க" என்றார்கள்.

நீ வா. பஸ் நிலையத்துக்கு நானே வந்து நிற்பேன்.

அன்பு அண்ணன்
அமிர்தசாமி