உள்பக்கத் தாழ்ப்பாள்

கப்பலில் இருக்கும் என்னவருக்கு,

இடக்கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி, நம் மகனின் அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடத் தச்சரை வரவழைத்தேன். கதவைப் பார்த்தவர், "தாழ்ப்பாள் வெளிப்பக்கமா? உள்ள நாய் எதுவும் வளக்குறீங்களாம்மா?" என்றார். என் அறைக்கு உள்பக்கம் போடச் சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள். பதினான்கு வயதில் என்னைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டான். இனி அவனைப் பிடித்து நிறுத்த என்னால் ஆகாது, ஒதுங்கத்தான் முடியும்.

நேற்று மாலை எதிர்வீட்டில் சுவரைத் துளைத்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தட்டு பறந்தது. என் அறைக்குள் ஓடிப்போய்த் தாழிட்டேன். கதவை உதைத்தான், உதைத்துக்கொண்டே இருந்தான். தாழ்ப்பாளின் திருகாணி ஆடியது. துளைக்கும் சத்தம் நின்றதும் அவனும் நின்றான்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியில் ஐஸ் பை ஒன்று மெல்ல உள்ளே வந்தது.

"அம்மா கை," என்றான்.

போன வாரம் நான் என் கைக்கு ஒத்தடம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறான்.

வெளிப்பக்கம் போட்டிருந்தால் அதை எடுத்துவர அவனால் முடிந்திருக்காது.

இப்படிக்கு,
கதவைத் திறந்துவிட்ட
உங்கள் மனைவி