முதல் குரலுக்குப் பதில்

டத்தோ கிராமாட், பினாங்கு.
ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து.

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சேசு மரி சூசை உனக்குத் துணை. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் உன் அப்பாவின் சுகத்துக்கு நான் பொறுப்பு, இப்போதுகூட டிவி ஓட ஓட சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். என் சுகத்தைப் பற்றி, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். தைவானில் இப்போது காற்று ஆளையே தள்ளுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே நிற்காதே. உன் அண்ணன் மார்க் சிம்பாங் அம்பாட்டில் புது வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து சனிக்கிழமை மட்டும்தான் தலையைக் காட்டுகிறான், வந்தால் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பதுதான் அவன் அம்மா அப்பாவை விசாரிக்கிற விதம். போன வாரம் மழையில் நம் தெருவில் கணுக்கால் தண்ணீர், பக்கத்து வீட்டு ரோஹானாவின் கார் நடுத்தெருவில் நின்றுபோய், அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளப் போனார், மறுநாள் முழுக்க முதுகைப் பிடித்துக்கொண்டு தைலம் கேட்டார்.

நேவியா கம்பெனியா, நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா கையால எழுதி அனுப்புங்க, போன்ல கேட்டா உங்க சண்டையத்தான் நான் கேக்குறேன் என்று நீ சொன்னாய். நியாயம்தான். உன் அப்பா தன் கடிதத்தை அன்றைக்கே எழுதி உறையை ஒட்டியும் விட்டார். நான் எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் பேனா ஓடிய நேரத்தைப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு சொல்தான் இருக்கும், அது கம்பெனி என்றுதான் இருக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தைவான் கம்பெனி இப்போது உன்னை நிரந்தரமாக்குகிறேன் என்கிறது, அந்தச் சம்பளம், கம்பெனியே வீடு கொடுக்கிறது, மகள் சிப் எஞ்சினியர் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இதையெல்லாம் விட்டுவிட்டு லூமுட்டுக்கு வந்து கடற்படையில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்து வெயிலில் ஓடப் போகிறேன் என்றால் எந்த அப்பாவுக்குத்தான் நெஞ்சு அடைக்காது. நானும் கம்பெனி என்றுதான் எழுத இருந்தேன் சிட்டு. லூமுட் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது, தைவான் தூரத்தில் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் கம்பெனி என்றால் லீவு போட்டு வருவாய், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வருவாய். நேவி என்றால் ஏதோ ஒரு கப்பலில், எந்தக் கடல் என்றுகூட அம்மாவிடம் சொல்ல முடியாமல் இருப்பாய். அந்தப் பயம்தான். இந்த மாத முடிவுக்குள் நீ இரண்டு இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். குடும்ப குரூப்பில் போட்டால் மார்க் பேய் படம் அனுப்பிச் சிரிப்பான்.

சின்ன வயதில் உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கும். வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லாதே, மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷன், முதல் குரல் யாருடையது என்று யாருக்கும் தெரியாது என்பேன். மார்க் இதைக் காற்றில் விட்டான், நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட, நீ மூன்றாவது தடவைதான் வாயைத் திறப்பாய். பிள்ளைக்குக் காது மந்தம் என்று டீச்சர் சொல்லி அனுப்ப, நான் பதறிப்போய் உன்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கேயும் டாக்டர் உன் பெயரை வாசலில் நின்று கூப்பிடுகிறார், நீ என் மடியில் உட்கார்ந்துகொண்டு விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறாய். அதை நினைத்து இன்றைக்கும் நானும் அப்பாவும் சிரிப்போம்.

அப்படிப்பட்ட நீ, லீவுக்கு வந்து நேவி தேர்வுக்குப் போய்வந்த அன்றைக்கு என்ன சொன்னாய்? அங்க யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்கம்மா, நாமளே கதவுகிட்டப் போயி நேரா நின்னு முழுப் பேரையும் சத்தமா சொல்லணும், லாப்போர் டிரி, அதாவது வந்துட்டேன்னு அறிவிக்கிறது, ஒரே தடவைதான் சொல்லணும், ரெண்டாவது தடவ சொல்ற ஆளு அவங்களுக்கு வேணாமாம் என்று சொல்லிவிட்டு, சமையலறையில் அடுப்புக்கு முன்னால் விறைப்பாக நின்று கண்ணாலேயே எனக்குச் செய்து காட்டினாய். பெயரை மட்டும் வாயைத் திறந்து சத்தமாகச் சொல்லவில்லை, அப்பா தூங்குகிறார் என்று விட்டுவிட்டாய். சொல்லியிருந்தால் பின்னால் நான் இவ்வளவு தடுமாறியிருக்க மாட்டேன். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

நீ விமானம் ஏறிப் போன அந்த வாரமே ஆரம்பித்தது. மசூதியில் சாயங்கால மக்ரிப் பாங்கு முடிந்து, நான் ஜெபமாலையைக் கையில் எடுக்கும் நேரம். வாசல் கேட்டில் ஒரு குரல், உன் பெயர்தான், பெவர்லி ஆன் அனாக் பெரம்புவான் பீட்டர் என்று, பேங்கிலும் இமிக்ரேஷனிலும் கூப்பிடுகிற மாதிரி, பீட்டரின் மகள் என்று அப்பன் பெயரோடு முழுசாக. கூரியர்க்காரன் என்று நினைத்தேன். ஆனாலும் என் சட்டப்படி இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தேன், வரவில்லை. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால் கேட் பூட்டியபடி இருக்கிறது, தெருவில் மோட்டார் சைக்கிளும் இல்லை ஆளும் இல்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் நம் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே நேரம், அதே குரல், ஒரே தடவை. ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும். அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, டிவியில் பந்து உருண்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது, எனக்குத்தான் வயசாகிறது என்று என்னைக் கிண்டல் செய்தார். எனக்கு உண்மையிலேயே பயம். நம் தெருவில் உன்னைச் சிட்டு என்பார்கள், பெவர்லி என்பார்கள், அனாக் பெரம்புவான் என்று யார் கூப்பிடுவார்கள்? தெருவில் அலைகிற எதற்கும் உன் ஐசி அட்டையில் இருக்கிற பெயர் எப்படித் தெரியும்? ஃபாதரிடம் போய்ச் சொன்னேன், அவர் வந்து வீட்டை மந்திரித்து, கேட்டுக்குத் தீர்த்தம் தெளித்து, காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் கார் முனை திரும்பியிருக்காது, பாங்கு முடிந்தது, குரல் வந்தது.

அப்புறம்தான் ரோஹானா வந்தாள். நான் கொடுத்திருந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வாசலில் நின்றபடியே, என்னக்கா பெவர்லி லீவுல வந்திருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே என்று கோபித்துக்கொண்டாள். வரலையே என்றேன். சும்மா சொல்லாதீங்கக்கா, தினமும் அவ உங்க வாசல் கேட் கிட்ட நின்னு கத்துறது எனக்குக் கேக்குதுலா, சோல்ஜர் மாதிரி பேரச் சொல்றா, அது அவ குரல்தான் என்றாள். பாத்திரத்தை வாங்கி அப்படியே தரையில் வைத்தேன். ஏனென்றால் அவள் சொன்ன அந்த நிமிஷமே எனக்கும் தெரிந்துவிட்டது. பெற்றவள் நான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ வீட்டில் உன் முழுப் பெயரை அந்தத் தொனியில் என்றைக்காவது சொல்லியிருக்கிறாயா? யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் திரைக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை சிட்டு. நீதான் வந்து நின்று உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் இரண்டாவது தடவைக்காகக் கதவைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து உடனே உன்கூடத் தங்கியிருக்கும் நடாஷாவுக்குப் போன் செய்தேன், உனக்குத் தெரிய வேண்டாம் என்று நான்தான் அவளிடம் சொன்னேன், அவள்மேல் கோபப்படாதே. நல்லாதான் இருக்கா ஆண்ட்டி, நல்லா சாப்பிடுறா, ஒண்ணே ஒண்ணுதான் என்று இழுத்தாள். வேலையிலிருந்து வந்ததும் பால்கனிக்குப் போய் எதிர்க்கட்டிடத்தைப் பார்த்து நேராக நின்று முழுப் பெயரையும் ஒரே தடவை சத்தமாகச் சொல்கிறாயாம். என்ன பிராக்டிஸா என்று கேட்டால், நான் ஒண்ணும் சொல்லலையே, துணி எடுக்கத்தான் வந்தேன் என்கிறாயாம். விளையாட்டுக்குச் சொல்லல ஆண்ட்டி, அவளுக்கு நிஜமாவே தெரியல என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் நீயும் மார்க்கெட்டுக்குப் போய்விடுவீர்களாம், அன்றைக்குக் கிடையாதாம். அது எந்த நேரம் என்று கேட்டேன். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே மணிதானே. நான் ஜெபமாலை எடுக்கிற நேரம்.

வெள்ளிக்கிழமை மழை விட்ட சாயங்காலம், அப்பாவிடம் குப்பை போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பாங்கு முடிவதற்கு முன்பே போய்க் கேட்டின் பூட்டைத் திறந்து, கேட்டையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. பாங்கு முடிந்தது. பெவர்லி ஆன் அனாக் பெரம்புவான் பீட்டர். தெருவிலிருந்து வரவில்லை, என் முகத்துக்கு நேரே, கை எட்டும் தூரத்திலிருந்து வந்தது. அங்கே ஒன்றும் இல்லை, ஈரத் தரையும் எதிர்வீட்டு விளக்கும்தான். ஓடிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். அந்த இடத்தைப் பார்த்து நான் வாய் திறந்தேன். சிட்டு என்றேன். ஒரே தடவை. நாய் படுத்துக்கொண்டது. நான் அங்கேயே அழுதேன், ரோஹானா வீட்டு ஜன்னல் திறந்திருந்ததால் சத்தம் போடாமல் அழுதேன். நேற்று அந்தக் குரல் வரவில்லை. வந்தபோது பயந்ததைவிட, வராதபோது அதிகமாகப் பயந்தேன். கேட்டைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு என் பதில். லூமுட்டுக்குப் போ. எங்கள் இருவரையும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னாய், நீ தேர்ந்தெடுத்து எத்தனையோ நாளாகிவிட்டது, உனக்கே இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். வேண்டாத ஒன்றை ஒருத்தி தினமும் நின்று கடல் தாண்டிக் கேட்கும்படி சொல்லமாட்டாள். கம்பெனி நல்ல கம்பெனி, அவர்களுக்கு மரியாதையாக எழுதி நன்றி சொல்லிவிட்டு வா. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பிறகு உன்னை யூனிபார்மில் பார்த்துவிட்டு கோயிலில் எல்லோரிடமும் போட்டோவைக் காட்டப் போவது அவர்தான். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ கப்பலில் இருக்கிற நாளெல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். பயந்துகொண்டே இருக்கிறேன், நீ போ.

வரும்போது கம்பளிச் சட்டைகளை நடாஷாவுக்கே கொடுத்துவிடு, இங்கே தேவைப்படாது. கழுத்தில் மாதா சுரூபம் போட அங்கே விடுவார்களா என்று கேட்டு வை, விடவில்லை என்றால் பாக்கெட்டில் வைத்துத் தைத்துத் தருகிறேன். சாப்பாட்டில் கவனம், மீனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற பழக்கத்தை இப்போதே விடு, நேவியில் போய் அப்படிச் செய்தால் சிரிப்பார்கள். பரலோக மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும், நீ நிற்கிற கதவெல்லாம் திறக்கட்டும். எப்போது வந்தாலும் நம் கேட்டில் மூன்று தடவை கூப்பிட வேண்டாம், அந்தச் சட்டத்தை நான் எடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தபோது சமையலறை மேசையில் என் போன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உன் மெசேஜ். அம்மா, கூப்பிட்டியா என்று கேட்டிருந்தாய். இல்லையே, சாப்பிட்டியா என்று எழுதி அனுப்பினேன். அது பொய். கூப்பிட்டேன் சிட்டு. ஒரே தடவைதான் கூப்பிட்டேன்.

உன் வருகைக்குக் கேட்டைத் திறந்து வைத்திருக்கும்,
அம்மா கேத்தரின்