பக்கத்து வீட்டில் சொன்ன பதில்

1968 ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்தே அனல். இந்தத் தெருவில் இத்தனை மரம் இருந்தும் ஒரு இலை அசையவில்லை. அடையாறு என்றால் குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்லித்தான் இவர் என்னைக் காஞ்சிபுரத்திலிருந்து கிளப்பினார். ஆறு வருடம் ஆயிற்று. வீட்டுக்கு வீடு மாமரம், வீட்டுக்கு வீடு நாய். மனிதக் குரல் மட்டும் கிடையாது. ஊரில் தறிச் சத்தம் நின்றால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரியும். இங்கே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

மாடியில் வடாம் காயப் போட்டு நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். காக்கைக்காக மட்டும் இல்லை, வேலைக்காரி முனியம்மாவுக்காகவும்தான்.

செய்ய வேண்டியது:
கேட்டுக்குப் புதுப் பூட்டு.
மதில் மேல் கண்ணாடிச் சில் உதிர்ந்த இடத்தில் மறுபடி பதிக்க.
புளி.

மாலை கல்யாணத் தரகர் ஏகாம்பரம் வந்தார். என் பெண் சுலோசனாவின் ஜாதகம் பொருந்திவிட்டதாம்! பையன் சின்ன காஞ்சிபுரம், வேலூரில் பாங்கு உத்தியோகம். கருட சேவைக் கூட்டத்தில் பையனும் அவன் அம்மாவும் இவளைப் பார்த்ததிலிருந்து இதே பேச்சாம்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள தட்டு மாத்திக்கலாம்மா. நாலு எடத்துல விசாரிச்சிக்கினு சொல்றோம்னாங்க, அவ்ளோதான்."

விசாரிக்கட்டும். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டைத் தெரியாதவர் யார்?

சுலோவுக்கு இருபத்தாறு நடக்கிறது. திருஷ்டிக்குப் பயந்து இந்தத் தெருவில் வாசல் பக்கமே தலை காட்டாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாலாஜா இடம் வந்தது, போயிற்று. ஆற்காட்டு இடமும் அப்படியே. இரண்டும் எல்லாம் பிடித்து, கடைசியில் சத்தமில்லாமல் நின்றவை. தானாக நிற்குமா? யாரோ ஒரு வாய் வேலை செய்கிறது. அது யாருடைய வாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜூன் 5, புதன்

குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. ப.வீ. தோட்டத்துக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ.

(ப.வீ. என்றால் பக்கத்து வீட்டுக்காரி. பெயர் தெரியாது. காலேஜில் பாடம் சொல்கிறாளாம், புருஷனுக்குத் துறைமுகத்தில் பெரிய உத்தியோகமாம். எல்லாம் முனியம்மா சொன்னது, பாதி பொய்யாக இருக்கும்.)

பத்து மணி போல, மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு ஆள். குடை, நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி. முதலில் நம் கேட்டில் நின்று பூட்டைப் பார்த்தான். பிறகு ப.வீ. கேட்டுக்குப் போனான். அவள் வந்தாள். என்னவோ கேட்டான். தலையை ஆட்டினாள், கையை நீட்டி நம் மதிலைக் காட்டினாள். இரண்டு பேரும் நம் வீட்டையே பார்த்தார்கள்.

கீழே வந்து முனியம்மாவைக் கேட்டேன்.

"ஆமாமா, என்னையுந்தான் மடக்கிக்கினு கேட்டாரு. வூட்ல ஆரு ஆரு கீறாங்க, எப்பிடி ஆளுங்கன்னு. நீதான் சொல்லி வெச்சிக்கிறியே, எனக்கு ஒண்ணும் தெரியாது சாமின்னு வந்துட்டேன்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இது ஒன்றுதான் இவள் நான் சொன்னபடி செய்தது. நல்லதாகப் போயிற்று என்று இரண்டு வாழைக்காய் கொடுத்தேன்.

இவரிடம் சொன்னேன். "திருடன் வெள்ள வேட்டி கட்டிக்கினு குடை புடிச்சிக்கினா வருவான்? சேல்ஸ் டாக்ஸ் ஆளா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் உறைப்பு என்றார். இவருக்கு ரசம்தான் கவலை.

ஜூன் 8, சனி

மதில் ஓரம் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது. நம் பக்கம். வாடாத பழம். கையால் தொடவில்லை, துடைப்பத்தால் தள்ளித் தெருவில் விட்டேன்.

"அவங்க மரத்துல காய்க்குதும்மா. விழுந்திருக்கும்" என்றாள் சுலோ. இவளுக்கு எல்லாம் விழுந்திருக்கும், பறந்திருக்கும். மதிலை இரண்டு முழம் உயர்த்தியும் விழுகிறதே, அதைச் சொல்.

மத்தியானம் நெல்லிக்காய் கீறிக்கொண்டிருந்தோம். திடீரென்று, "வேலூர்ல வெயில் ரொம்ப அதிகமாமே?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாலாஜா பையனுக்கும் ஆற்காட்டுப் பையனுக்கும் அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு வயிறு குளிர்ந்தது. உடனே பயமும் வந்தது. அம்மா காமாட்சி, இந்த ஒன்றை மட்டும் முடித்துக் கொடு.

ஜூன் 9, ஞாயிறு

காரில் காஞ்சிபுரம். தாயும் மகளும் மட்டும். தெரு முழுவதும் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தார்கள், கார் உள்ளே போகவில்லை, இறங்கி நடந்தோம். நாலு வீடு தாண்டுவதற்குள் ஏழு பேர் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டார்கள்.

நாத்தனார் ராஜம் வீட்டில் சாப்பாடு. சந்தேகம் எனக்கு இவள் மேலும் உண்டு, இல்லாமல் இல்லை. வாய் சும்மா இராது. அதனால் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"பையனோட மாமா வந்துட்டுப் போனாரு அண்ணி. தெருவுல ஒரு வூடு வுடல. அல்லாரும் பொண்ணு தங்கம்னு சொன்னாங்க. ஒன்னாண்ட பேச்சே இல்லாம கீதே அந்தக் கோடி வூட்டு கனகா, அவளே, ஆத்தாக்காரி ஒரு மாதிரி, பொண்ணு மேல சத்தியமா ஒரு சொல் சொல்ல முடியாதுன்னாளாம்."

கனகா அப்படிச் சொன்னாளா! அவளிடம் தறி மேடைச் சண்டையில் பேசாமல் இருந்து எத்தனையோ வருடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அந்த 'ஒரு மாதிரி'யை மறக்க மாட்டேன்.

அப்படியானால் ஊரில் கெடுப்பவர் இல்லை. சந்தேகம் தீர்ந்தது. அடையாறில்தான் இருக்கிறது அந்த வாய்.

ஜூன் 13, வியாழன்

நின்றுவிட்டது.

ஏகாம்பரம் செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்று சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவங்களுக்கு மனசு ஒப்பலயாம்மா."

"ஊர்ல அவ்ளோ நல்லா சொன்னாங்களே?"

"ஊர்ல சரி. மெட்ராஸ் வந்து ஆறு வருசம் ஆச்சே, இங்க எப்பிடின்னு பாக்கணும்னு அந்த மாமா இங்கயும் வந்துட்டுப் போயிக்கிறாரு. பக்கத்து வூட்ல வந்த பதில் சரியில்லயாம்."

"இன்னா சொன்னாளாம்?"

"அத அவங்க சொல்லல. நானும் கேக்கல. பொண்ணு விசயம்மா, கேக்கற மாதிரியா இருக்குது?"

குடைக்காரன். அப்படியானால் அவர்தான் பையனின் மாமா. நான் திருடன் என்று நினைத்தேனே. அவரிடம்தான் ப.வீ. நம் மதிலைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். என் பெண்ணைப் பற்றி. வாலாஜாவுக்கும் ஆற்காட்டுக்கும் இவளேதான் சொல்லியிருப்பாள்.

சுலோ கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டுவிட்டாள். மாலை விளக்கேற்ற வந்தாள், திரி போட்டாள், போய்விட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

இவர் கடைக்குப் போனதும் கிளம்பினேன். வாயில் வைத்திருந்தது: "நீயும் பொண்ணு பெத்தவதானே, நாக்கு அழுகாதா?"

அந்த வீட்டுக் கேட்டுக்குப் பூட்டுகூட இல்லை. தள்ளினேன், திறந்தது. அவளே வந்தாள். கையில் பரீட்சைப் பேப்பர் கட்டு.

"வாங்க, வாங்க. யாரு வேணும்?"

நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க..." என்று இழுத்தாள். "எந்த வீடு?"

பக்கத்து வீடு என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலி போட்டாள், மோர் கொண்டுவந்தாள். நடிப்பு இல்லை. ஆறு வருடமாக நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு என்னைத் தெரியவில்லை.

குடை பிடித்து ஒருவர் வந்தாரே, அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஓ, அந்தப் பெரியவரா? பக்கத்து வீட்டுக்காரங்க எப்படின்னு கேட்டார். பாவம், வெயில்ல நின்னார். எனக்குத் தெரியாதுங்க, அந்த மதிலுக்கு மேல ஒண்ணுமே தெரியறதில்லைன்னு சொன்னேன். முன்னயும் ரெண்டு தடவை யாரோ வந்து கேட்டாங்க. அவங்ககிட்டயும் அதேதான். தெரியாததைத் தெரியாதுன்னுதானே சொல்லணும்?"

இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் ஊர்ப் பக்கத்தில் சுவரை ஒட்டி இருப்பவள் 'தெரியாது' என்றால், கேட்டவர்கள் குடித்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சண்டைக்காரியாக இருந்தாலும் நல்ல பெண்ணை நல்ல பெண் என்று சொல்லுவாள். குறை இருந்து, அதை வாயால் சொல்லக் கூசுகிறவள்தான் தெரியாது என்பாள். இதற்கு மேல் ஒரு கெட்ட பதில் கிடையாது.

விஷயத்தைச் சொன்னேன். பேப்பர் கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ, உங்க வீட்டுல பொண்ணு இருக்கா?"

இருக்கிறாள் என்றேன்.

"நான் வேணும்னா அவங்களைப் பார்த்துச் சொல்றேனே, நல்ல பொண்ணுன்னு. பேர் என்ன?"

நாக்கில் வைத்துக்கொண்டு போனது ஒன்றும் வரவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தேன். நல்ல மோர். பெருங்காயம் போட்டிருந்தாள்.

ஜூன் 15, சனி

லேசான தூறல். ஏகாம்பரத்தை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினோம். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னேன். முனியம்மா சொன்ன 'தெரியாது' உட்பட, அதைச் சொல்லச் சொல்லி வைத்தவள் நான் என்பது உட்பட. இவர் பஸ் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். திட்டினாலாவது பரவாயில்லை.

ஜூன் 17, திங்கள்

ஏகாம்பரம் வந்தார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்களாம், பாவம் என்றார்களாம். ஆனால் நேற்றே தாமல் ஊர்ப் பெண் ஒருத்திக்குத் தட்டு மாற்றிவிட்டார்கள்.

சுலோ மாடியில் உலர்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். ப.வீ. சொன்னதையும் சொன்னேன், பெண் இருப்பதே தெரியாது என்றாளே, அதையும். அழுவாள் என்று நினைத்தேன். மடித்த புடவையை இன்னொரு முறை உதறி மடித்தாள்.

"யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன. படல."