சலவை வண்டியின் புகைக்குழாய் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டி

அனுப்புநர்:
சலவைக்கடை அம்மாள்,
கடையும் வீடும் ஒன்றே,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்:
வாகனத் தகுதிச் சான்று அதிகாரி அவர்கள்,
வாகனச் சோதனை நிலையம்.

பொருள்: எங்கள் பழைய பிக்கப் வண்டியின் புகைக்குழாயைப் பின்பக்கம் மாற்றச் சொன்ன உத்தரவை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஞாபகத்தில் பிழை இருக்காது.

1. என் கணவர் வாங்கிய அந்த வண்டியை இப்போது என் பேத்தி ஓட்டுகிறாள். விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அதில்தான் வந்து, வெளுத்து மடித்தபின் அதில்தான் திரும்பிப் போகின்றன. சென்ற வாரம் நானும் அவளும் தகுதிச் சான்றுக்குக் கொண்டுவந்தபோது தங்கள் சோதனையாளர் இரண்டு குறைகள் எழுதிக் கொடுத்தார். ஒன்று, சத்தம் அதிகம். மற்றது, புகைக்குழாய் ஓட்டுநர் பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியே வருகிறது. அதைப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும். மாதக் கடைசிக்குள் செய்யாவிட்டால் சான்று கிடையாதாம். வண்டி ஓடாவிட்டால் விடுதிக்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். பேசாமல் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடலாம் என்றாள் பேத்தி. அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறேன்.

2. சத்தத்தைப் பற்றி அவர் எழுதியது நியாயம். பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும், என்னைக் கேட்காமல் பேத்தி குட்டையாக ஒன்றை மாட்டிவந்தாள். தெருவில் வந்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். ஆகையால் வண்டியோடு நானே சைலன்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று இரட்டைக் குழாயை எடுத்துக் காட்டி, "இதைப் போட்டா எடுப்பா இருக்கும்மா" என்றார். "எடுப்பா இருக்க வண்டிக்கு என்ன கல்யாணமாய்யா?" என்றேன். கடையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கிளாம்ப் போட்டு மாட்டி ஓடவிடச் சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஒன்று குரைத்தது. ஒன்று கொசு மாதிரி ரீங்கரித்தது. நீளமாய், வயிறு பெருத்த ஒன்றை மாட்டியபோதுதான் அது கேட்டது.

ஐயா, என் கணவர் துணி இறக்கிவிட்டுத் தெருமுனை திரும்பும்போது வண்டி ஆள் தொண்டையைச் செருமுகிற மாதிரி இரண்டு தரம் செருமிவிட்டு அடங்கி வரும். அவர் வேகத்தைக் குறைப்பது அது. அது கேட்டதும் நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதவைத் திறப்பேன். அவர் போய் வருடங்கள் ஆயிற்று. அன்று சைலன்சர் கடையில், பெட்டியே இல்லாத என் கை எதையோ நிமிர்த்தி வைக்கப் போயிற்று. அதையே மாட்டச் சொல்லிவிட்டேன். இப்போது சத்தம் தங்கள் அளவுக்குள் இருக்கிறது. தாங்களே அளந்து பார்க்கலாம்.

3. ஆனால் குழாயின் இடத்தை மாற்ற என்னால் இயலாது. வாங்கும்போது அது பின்னால்தான் இருந்தது. விடுதியின் கொல்லை வாசலுக்கு வண்டியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தித்தான் துணி இறக்க வேண்டும். ஒருநாள் மழை ஈரத்தில் புகை மேலே எழும்பாமல் வாசலுக்குள்ளேயே சுற்றியது. இறக்கிய விரிப்பு அத்தனையிலும் கரி. பெரிய விடுதியின் மேலாளர் மூட்டையை என் கணவர் காலடியில் எறிந்து, "இது என்ன துணியா, அடுப்பு துடைச்ச கந்தலா?" என்று ஆட்கள் முன்னால் கேட்டார். அந்த மேலாளர் செத்தபோது ஊரே போயிற்று. நான் போகவில்லை.

என் கணவர் மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். இருவருமாக அத்தனையையும் மறுபடி வெளுத்தோம். துணி கொடியில் காயும்போதே அவர் வண்டியை வெல்டரிடம் கொண்டுபோய்க் குழாயை அறுத்து, ஓட்டுநர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வந்தார். "புகை இனி என் பக்கம் வரட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு எந்த விரிப்பிலும் கரி படிந்ததில்லை.

4. வண்டியை அணைத்துவிட்டு இறக்கலாமே என்று தங்கள் சோதனையாளர் சொன்னார். அணைத்தால் மறுபடி கிளப்பும்போதுதான் ஒரு வாய் கரும்புகை துப்பும். வயதான வண்டி, எழுந்தால் இருமத்தான் செய்யும், நானும் அப்படித்தான். அதற்குப் பிறகு சரியாகிவிடும், புகைச் சோதனையில் தேறியும் இருக்கிறது. இதைச் சொன்னதற்கு அவர், "பாட்டி, உங்க கதையெல்லாம் எங்க புத்தகத்துல இல்லை" என்று சிரித்தார். சிரித்ததைப் பற்றி இந்த மனுவில் நான் புகார் செய்யவில்லை. அது தனியாக என் மனதில் இருக்கிறது.

5. ஆகவே தாங்கள் ஒருநாள் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். அறுத்த பின்குழாய் பரணில் பத்திரமாக இருக்கிறது. அதை ஒருமுறை மாட்டியும், எங்கள் குழாயை ஒருமுறை மாட்டியும் வண்டியைக் கிளப்பிக் காட்டுகிறோம். தயவுசெய்து வெள்ளைச் சட்டையில் வந்து பின்கதவருகே நிற்கவும். சட்டை எப்படி ஆனாலும் நானே வெளுத்து, மடிப்புக் கலையாமல் அனுப்பிவைப்பேன்.

அந்தச் சோதனையாளரையும் அழைத்து வரவும். பின்குழாய் மாட்டும் முறைக்கு அவர் நின்றால் போதும்.

இடம்: சலவைக்கடை
நாள்: இம்மாதம் பதினொன்று

தங்கள் வரவை எதிர்பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
சலவைக்கடை அம்மாள்
(கையெழுத்து என்னுடையதுதான்)