ஜூம் பிரமாதம்

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிக்கொள்ளுங்கள். நானும் மகளும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். மத்தியானம் குழாய் ரிப்பேர்காரர் வருவார், வீட்டிலேயே இருங்கள்.

உங்கள் புதுப் போன் எப்படி என்று ஓயாமல் கேட்டீர்களே, சொல்கிறேன். திரை பளிச்சென்று இருக்கிறது. சார்ஜ் சாயங்காலம்வரை தாங்குவதில்லை. கொஞ்சம் பேசினாலே காது சுடுகிறது. கேமராவைத்தான் குறை சொல்லவே முடியாது. நீச்சல் போட்டியில் கடைசியாக வந்த பிள்ளை குளத்தோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்ததை, பின்வரிசையிலிருந்தே எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறீர்கள். மூக்கு ஒழுகுவதுகூடத் தெரிகிறது. "ஜூம் பிரமாதம், பாருங்கடா" என்று நண்பர்கள் குழுவில் வேறு போட்டீர்கள். அது கைமாறிக் கைமாறி அவள் வகுப்புக்கே போய்விட்டது. இப்போது பள்ளிக்கூடம் என்றாலே போர்வைக்குள் சுருண்டுகொள்கிறாள்.

நேற்று கேட்டதற்கு, "சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், இதுக்குப் போய் ஏன் குதிக்கிற?" என்றீர்கள். அவள் வாந்தியை நான் வெறுங்கையால் துடைத்தபோது எனக்கு அருவருக்கவில்லை. இதைக் கேட்டபோதுதான் குமட்டியது.

இன்னொரு சாவி மாடி வீட்டில் இருக்கிறது. துணி நனையாமல் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. செருப்பு மாட்டும்போது கேட்டாள்: "அப்பா அங்கதானம்மா இருந்தாரு, ஏன் எங்கிட்ட ஓடி வரல?"

பதிலை நீங்களே வந்து சொல்லுங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.