வாள் நான்கு

இன்றைக்கு ஒரு கல்லூரிப் பெண்ணின் அடையாள அட்டையை லேமினேஷன் மிஷினில் விட்டேன் அக்கா. சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. நீங்கள் போய் நாலு மாசம் ஆகிறது. அந்த வாசனை எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கோரிப்பாளையத்தில் இந்த ஜெராக்ஸ் கடையில் ஆறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டேரட் சீட்டு எடுத்துக் குறி சொல்லப் படிக்கிறேன் என்று நான் சொன்னதும், "அப்ப கிளி எங்கடி?" என்று சிரித்தீர்களே, அம்மாடி, என்ன சிரிப்பு! அப்புறம் அந்தச் சீட்டுக்கான எழுபத்தெட்டுப் படத்தையும் கலர் பிரிண்ட் போட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து லேமினேஷன் செய்து, மூலையை வளைத்து வெட்டிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

உங்களுக்கு அது கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற மாதிரி. சிவப்புப் பூப் பொட்டலமா, வெள்ளையா, எது வருதோ அதுதான் உத்தரவு. உங்கள் மகளுக்கு வந்த வரனுக்கும் ஒரே சீட்டுதான். "ஒருக்கா கேட்டாச்சுன்னா மறுக்கா கேக்கக் கூடாதுடி" என்பீர்கள்.

அன்றைக்கு மத்தியானம் இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தீர்கள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகவா, வேணாமா? எடுத்துச் சொல்லுடி."

வாள் நான்கு என்கிற சீட்டு வந்தது. கவசம் போட்ட ஒருத்தன் கல்மேல் கைகூப்பிப் படுத்திருப்பான். மேலே மூன்று வாள், கீழே ஒன்று.

"என்னடி, செத்தவன் மாதிரி கெடக்கான்?"

"இல்லக்கா, அலுத்துப்போய்ப் படுத்திருக்கான். ஓய்வு எடுக்கச் சொல்லுது."

புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சண்டைக்கு நடுவில் ஒதுங்கிப் படு, தேறி எழுந்திரிப்பாய் என்று. உங்கள் முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"இன்னொன்னு எடுக்கவாக்கா?"

"அதான் கேட்டாச்சுல்ல. வீட்டுக்குப் போயிப் படுக்கேன். வாரேன்டி."

நடந்தே போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி. சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். கடை வாசலில் பத்துப் பேர் ஆதார் அட்டையோடு நின்றார்கள். "சரிக்கா" என்றேன். சாயங்காலம் மகள் எழுப்பியபோது நீங்கள் எழுந்திரிக்கவில்லை.

பதினாறாம் நாள் பந்தியில் அவள் என் பக்கத்தில் குனிந்து கேட்டாள். "அம்மா அன்னிக்கு வலிக்குதுன்னு ஒங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா சித்தி?"

"இல்லம்மா" என்றேன்.

நம்பிவிட்டாள் அக்கா. "நல்லா சாப்பிடுங்க சித்தி" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.