பெல்ட்டில் ஒற்றைக் காய்

லேப்டாப் சூடாகும்போதெல்லாம் அதன் காற்றுத் துளையிலிருந்து ஏலக்காய் வாசம் வருகிறது. கம்பம் குடோனில் படிந்த தூசி. சர்வீஸ் கடையில் துடைத்துத் தரட்டுமா என்றார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

நாம் இருவரும் பெங்களூர் வேலையை விட்டு வந்து செய்த முதல் மெஷின், ஏலக்காய் தரம் பிரிப்பது, அந்தக் குடோனில்தான் ஓடியது. கேமரா பார்க்கும், நிரல் முடிவெடுக்கும், கறைபட்ட காயைக் காற்று ஊதித் தள்ளும். ஆனால் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்த்த நம் நிரலைவிட பெல்ட் வேகமாக ஓடியது. “சாயங்காலத்துக்குள்ள சரிப்படலேன்னா தூக்கிட்டுப் போயிருங்கப்பா” என்றார் குடோன்காரர். அவர் திருப்பி அனுப்பும் மெஷினைக் கம்பத்தில் வேறு யாரும் தொடமாட்டார்கள்.

நீதான் பல புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும் வெக்டர் முறைக்கு மாற்றினாய். காய் உள்ள புள்ளிக்கு ஒன்று, இல்லாததற்குச் சுழியம். கறைக்கும் அப்படியே இன்னொரு வரிசை. ‘இது இருந்து அது இல்லாதது எது’ என்று கேட்கும் ஒரே கட்டளை, இருநூற்று ஐம்பத்தாறு புள்ளிகளுக்கும் ஒரே வீச்சில். வேகம் வந்தது. கூடவே எல்லாக் காயும் கழிவுப் பெட்டிக்குப் போனது.

குடோன்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். “எங்க அக்கா மகனுக்குப் பொண்ணு பாத்த மாதிரில்ல இருக்கு. ஒண்ணும் தேறலையே!”

பழைய நிரலையே போடு என்று கத்தினேன். நீ அசையவில்லை.

“ஏலே மாப்ள, மூடை கொட்டுறத நிப்பாட்டு. ஒத்தக் காய விடு.”

நல்ல காய் ஒன்றைப் பெல்ட்டில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாய். காய் இருந்தது, கறை இல்லை, விடை மட்டும் முழுக்கச் சுழியம், நல்ல இடமே இல்லை என்று. அந்தக் கட்டளை முதலில் கொடுப்பதைத்தான் தலைகீழாக்கும். கறையைக் கொடுக்க வேண்டிய இடத்தில் காயைக் கொடுத்திருந்தாய். காயே இல்லாத இடத்தில் கறை தேடிக்கொண்டிருந்தது மெஷின்.

“எழுதுன மடையன் யாருடா?” என்றேன்.

“நாந்தேன். டீ சொல்லு.”

இரண்டையும் இடம் மாற்றினாய். மெஷின் கம்பத்திலேயே தங்கியது.

அடுத்த மெஷினுக்கு இடம் பார்க்கக் குமுளிக்குப் போன நீ திரும்பவில்லை. லோயர் கேம்ப்புக்கு மேலே, மலைப்பாதை வளைவில், மழை. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

இன்று அதே மெஷினில் புது ப்ராசஸருக்கு நிரலை மாற்றினேன். இப்போது ஒரே வீச்சில் இரண்டு மடங்கு புள்ளிகள். நீ இருந்தால் குதித்திருப்பாய்.

“கொட்டவா தம்பி? வண்டி நிக்கிது” என்றார் குடோன்காரர். எனக்கும் பொறுமை இல்லை, உனக்குத் தெரியும். இருந்தாலும் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒற்றைக் காயை எடுத்தேன். அன்று நீ பெல்ட்டில் வைத்த காய் அல்ல, அது எப்போதோ வெடித்து உதிர்ந்துவிட்டது. தீரத் தீரப் புதிது போட்டுக்கொள்கிறேன்.

பெல்ட்டில் வைத்தேன். நல்ல பெட்டியில் விழுந்தது. எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

“இப்பக் கொட்டுங்க” என்றேன்.